இரை என்று எழுதினேன்

முப்பத்தெட்டு நாட்களுக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பிய காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. அருங்காட்சியகத்தின் பின்வாசலில் காவல்காரர் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். அவருடைய மீசை அந்தக் கட்டடத்தில் பிரபலம். எல்லோருக்கும் அவர் மீசை அண்ணன்தான். வழக்கமாக என்னைக் கண்டால், "வாங்க பல்டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை சொத்தைப் பல்லு?" என்பார். அன்று அப்படி எதுவும் கேட்கவில்லை. என் குடையை வாங்கி உதறி, மடக்கி, மூலையில் சாய்த்து வைத்தார்.

"உங்க மேசையைத் தினம் ஒரு தடவை துடைச்சு வெச்சேம்மா," என்றார். "தூசு படிஞ்சிடக் கூடாதுன்னு."

"சரிங்கண்ணே."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மேற்கொண்டு கேட்கவில்லை. சில நேரம் கேள்வியை விட்டுவிடுவதும் ஓர் உதவிதான்.

என் வேலை கீழ்த்தளத்தில். இருபத்திரண்டு படிகள் இறங்க வேண்டும். அங்கே ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்பதைச் சுவர்க் கடிகாரம் சொன்னால்தான் உண்டு. பாறைக்குள் கிடக்கும் எலும்புகளை நோகாமல் வெளியே எடுப்பது என் தொழில். ஊசி, தூரிகை, பல் வைத்தியர் கையில் இருப்பதுபோல் ஒரு சின்னத் துளைக்கருவி, இவைதான் ஆயுதங்கள். ஒரு நாளில் ஒரு கட்டைவிரல் அகலம் நகர்ந்தால் நல்ல நாள்.

மேசைமேல், மணல் மூட்டைகளுக்கு நடுவே அது படுத்திருந்தது.

டைனோசர்கள் இந்தப் பூமியில் கால் வைப்பதற்கும் முன்பு, இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த வேட்டை விலங்கு. சிறுத்தை அளவு உடம்பு. ஒடுங்கி நீண்ட தலை. மேல்தாடையின் இருபுறமும் என் நடுவிரலைவிட நீளமாக இரண்டு கோரைப்பற்கள், ஓரமெல்லாம் ரம்பம். அதன் புத்தகப் பெயர் வாயில் நுழையாது. நாங்கள் வாள்பல்லி என்போம். "பல்லின்னதும் சுவத்துல ஓடுற பல்லின்னு நெனச்சேன்," என்று மீசை அண்ணன் ஒருமுறை சொன்னார். "இது சுவத்துல ஏறினா சுவரு இருக்காது."

அதன் இடது பல்லைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அந்தப் பல் இரண்டாக உடைந்திருந்தது. ஒட்ட வேண்டும். எங்கள் தொழிலில் பசை தடவி இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துவிட்டால், அது இறுகும்வரை கையை எடுக்கக் கூடாது. பத்து நிமிடம், சில நாட்களில் பதினைந்து. விரல் நடுங்கினால் ஒட்டு கோணிக்கொள்ளும். பிறகு சரிசெய்யவே முடியாது.

அதை ஒட்டிய நாள் காலை என் மகளுக்குக் காய்ச்சல். ஆறு வயது. மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, அரை நாள் வேலைதானே என்று வந்துவிட்டேன். பல்லைச் சேர்த்துப் பிடித்த மூன்றாவது நிமிடம் பைக்குள் ஃபோன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. "இதோ ஆச்சு, இதோ," என்று பை இருந்த பக்கம் பார்த்துச் சொன்னேன். மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தது. நான் கையை எடுக்கவில்லை.

மருத்துவமனையில் அவள் கையைத் தொட்டபோது சூடாகத்தான் இருந்தது. காய்ச்சல் என்று நினைத்தேன். அது உயிர் போன பின் உடம்பை விட்டுப் போகிற சூடு என்று அங்கிருந்த நர்ஸ்தான் சொன்னாள்.

என் மகளின் அப்பா ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டார். அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஃபோன் அடிச்சப்ப நீ எங்க இருந்த?" நான் பதில் சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் தட்டில் போட்டதைச் சாப்பிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டிருந்தோம்.

முப்பத்தெட்டு நாட்கள் கழித்து அந்த மேசையருகே நின்று பல்லைப் பார்த்தேன். ஒட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. கோடுகூடத் தெரியவில்லை.

ஒரு கல்லை வெறுக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள், தாடைகளுக்கு இடையே இருந்த பாறையைத் துளைத்தபோது உள்ளே சின்ன எலும்புகள் தெரிந்தன. தீக்குச்சி போல விலா எலும்புகள். கோர்த்த மணிகள் போல முதுகெலும்பு. எலுமிச்சம்பழ அளவில் நசுங்கிய ஒரு தலை. எங்கள் வேலையில் இதற்கு ஒரு முறை உண்டு. நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பல் தடம் பார்க்க வேண்டும். அப்புறம்தான் சீட்டு எழுத வேண்டும். படம் எடுத்தேன், பழக்கத்தால். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அது தின்கிற மிருகம், இது தின்னப்பட்ட குழந்தை. வேறென்ன இருக்க முடியும்?

சீட்டில் ஒரே சொல் எழுதினேன்.

இரை.

காப்பாளர் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். மேல்தளத்துக் கூடங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. "பிரமாதம்மா. ஆனா பல்லு ரெண்டும் முழுசா தெரியணும். இரையைத் தனியா எடுத்துடுங்க." சின்ன எலும்புகளெல்லாம் நான்கு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் கிளைக் கிடங்குக்குப் போவது வழக்கம். நானே எடுத்தேன். நானே பஞ்சு வைத்துப் பெட்டி கட்டினேன். மறுநாள் காலை வண்டியில் அது போனது.

மத்தியானம் வாடை வந்தது.

ஈரச் சேற்று வாடை. ஆறு பெருகி வடிந்த மறுநாள் கரையில் வருமே, அது. குழாய் கசிகிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. சுவர் காய்ந்திருந்தது. மேசைக்கருகே வந்தால் வாடை கூடியது, விலகினால் குறைந்தது. மூன்றரை மணிக்குத் தானாகப் போய்விட்டது.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் வாடையோடு ஒரு சத்தமும் வந்தது. கல் தரையில் நகம் படுகிற சத்தம். நான்கு அடி, ஒரு நிறுத்தம். நான்கு அடி, ஒரு நிறுத்தம். மேசையைச் சுற்றி, அலமாரிகளின் பின்னால், அடுக்கிய பெட்டிகளின் ஓரமாகப் போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூக்கை வைத்து முகர்வது போல் ஒரு காற்று.

எதையோ தேடுகிற நடை.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது என் காலடிவரை வந்து, நின்று, போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மீசை அண்ணன் கீழே வந்தார்.

"என் இடது கை உறையைப் பாத்தீங்களாம்மா? குளிருக்குப் போடுறது, கம்பளி."

இருவரும் ஒரே நேரத்தில்தான் பார்த்தோம். மேசைமேல், வாள்பல்லியின் தாடைக்கு நேர் முன்னால் அது கிடந்தது. பக்கத்தில் மடித்த தூசித் துணி ஒன்று. கைப்பிடி அளவு மணல் மூட்டை ஒன்று. மூன்றும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. மூன்றிலும் இரண்டிரண்டு ஓட்டைகள்.

"எலிதான்," என்றார் அவர், உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபடி.

"எலிக்கு இவ்ளோ பெரிய பல்லா?"

"அதை நீங்கதான் சொல்லணும். நீங்கதானே பல்டாக்டரு." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "ஆனா ஒண்ணு. கடிச்சுக் குதறலம்மா. நூலு ஒண்ணுகூடப் பிரியல. கவ்வித் தூக்கிட்டு வந்து வெச்ச மாதிரி இருக்கு."

அவர் போன பிறகு ஸ்கேலை எடுத்து ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தேன். பிறகு கோரைப்பற்களுக்கு இடையே அளந்தேன்.

ஒரே அளவு.

கீழ்த்தளத்தைப் பெருக்கித் துடைக்க ஒரு பெண் வருவாள். சின்ன வயது. என்னை அக்கா என்பாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் தன் இரண்டரை வயது மகளையும் அழைத்து வருவாள். நடைபாதையில் ஒரு பழைய போர்வையை விரித்துக் குழந்தையை உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். குழந்தை உருண்டையாக இருக்கும். எல்லோரும் பட்டாணி என்பார்கள். நான் திரும்பி வந்த நாளிலிருந்து பட்டாணியை நேராகப் பார்த்ததில்லை. அது "பெம்மா" என்று கூப்பிட்டு பிஸ்கட் நீட்டினாலும், வேலை இருப்பது போல் குனிந்துகொள்வேன். அந்தத் தாய் புரிந்துகொண்டு குழந்தையை மெல்ல மறுபக்கம் திருப்பி உட்கார வைப்பாள். அந்த நல்ல மனசுக்குக்கூட நான் நன்றி சொன்னதில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மின்சாரம் போனது.

ஜன்னலில்லாத அறையில் இருட்டு மேலே வந்து விழும். வாடை வந்தது. முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு வந்தது. நகச் சத்தம் மேசையிலிருந்து இறங்கி, என்னைக் கடந்து, கதவை நோக்கிப் போனது.

நடைபாதைக்கு.

பிறகு சத்தமே இல்லை.

விளக்கு வந்தபோது நடைபாதையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. உரக்கக்கூட இல்லை. "பட்டாணி. ஏ பட்டாணி. எங்கடி இருக்க?" போர்வை இருந்தது. பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. குழந்தை இல்லை. படிக்கட்டின் மேலே மீசை அண்ணன் நின்றிருந்தார். யாரும் அவரைத் தாண்டிப் போகவில்லை.

நாங்கள் மூவரும் தேடினோம். அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள் பெட்டிகளை வெறுங்கையால் இழுத்துத் தள்ளினாள். அழவில்லை. பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடித்தது நான்தான். என் மேசைக்குக் கீழே, சுவரோரத்தில், மணல் மூட்டைகளை யாரோ வட்டமாக ஒதுக்கி ஒரு குழி போல ஆக்கியிருந்தார்கள். அதற்குள் பட்டாணி கட்டைவிரலைச் சூப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தது.

தூக்கினேன். முப்பத்தெட்டு நாள், அதற்கு மேல் பத்து நாள். அத்தனை நாளுக்குப் பிறகு ஒரு குழந்தையின் எடை என் கையில். கவுனின் பின்கழுத்து ஈரமாக இருந்தது. சேறு அப்பியிருந்தது. அதில் இரண்டு ஓட்டைகள். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"யார்டா தங்கம் உன்னைத் தூக்கிட்டு வந்தது?" என்று அவள் தாய் கேட்டாள்.

குழந்தை கண்ணைக் கசக்கியது. "பெரீசு," என்றது. பிறகு என் மேசையைக் காட்டி, ரகசியம் சொல்வது போல் சொன்னது.

"அது அழுவுது."

அந்தப் பெண்ணின் கையில் குழந்தையைக் கொடுத்தேன். "நாளைக்கு இவளைக் கூட்டிட்டு வராதம்மா."

"எங்க விடுவேன்க்கா? இவளுக்காக ஒரு நாள் லீவு கேட்டா, நீ வீட்டுலயே இருந்துக்கோம்பாங்க." குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "என்னக்கா அது? மறுபடி வருமா?"

"வரும்," என்றேன். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

அவர்கள் போனதும், சீட்டு எழுதிய அன்று எடுத்த படங்களை எடுத்துப் பார்த்தேன். இப்போது பூதக்கண்ணாடியை வைத்தேன். பார்க்க வேண்டிய நாளில் பார்க்காததை எல்லாம் பார்த்தேன். அந்தச் சின்ன எலும்புகளில் ஒரு கடித் தடமும் இல்லை. ஒரு விலா எலும்பும் முறியவில்லை. பின்பற்களுக்கு அடியில் இல்லை அது, முன்பற்களுக்கு நடுவில், முதுகு மேலே, கால்கள் கீழே மடங்கி, தொட்டிலில் தொங்குவது போல் தொங்கிக்கொண்டிருந்தது. நசுங்கிய அந்தச் சின்னத் தலையின் மேல்தாடையில், இருபுறமும், அரிசியளவு இரண்டு கோரைப்பற்கள்.

இரை அல்ல, அதன் பிள்ளை.

வெள்ளம் வந்திருக்கிறது. சேறு சரிந்திருக்கிறது. பிள்ளையை வாயில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஓட முடியவில்லை. இருபத்தைந்து கோடி ஆண்டுகள், மலை முளைத்து, கடல் நகர்ந்து, கல்லாகிப்போன பிறகும், அது வாயைத் திறக்கவில்லை. பிள்ளையைக் கீழே விடவில்லை. நான் வந்து, ஊசி வைத்து, வாயிலிருந்து பிடுங்கி, அதைத் தின்றுவிட்டாய் என்று எழுதி ஒட்டி அனுப்பினேன்.

பெற்றதைத் தானே தின்றவள் என்று ஒரு தாயைச் சொன்னால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்? அது எனக்குத் தெரியும். வெளியே யாரும் என்னைச் சொல்லவில்லை. உள்ளே நானே தினம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு சொல்லை எழுதும் முன் இரண்டாம் முறை பார்ப்பது பெரிய தியாகமில்லை. ஆனால் அந்தச் சின்னக் கருணையைச் செய்யாததால் எத்தனை பேர் எத்தனை காலம் அலைகிறார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

காப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "எழுதியாச்சு, அனுப்பியாச்சு. திரும்ப வாங்கணும்னா கடிதம் போட்டு மூணு மாசம் ஆகும்மா."

"மூணு மாசம் அது பொறுக்காது சார்."

"எது?"

நான் படியிறங்கி வந்துவிட்டேன். காலை முதல் பஸ்ஸுக்குப் போவதாக மீசை அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "பட்டாணியை நாளைக்கு என் ஸ்டூலுக்குப் பக்கத்துல வெச்சுக்கறேன்," என்றார். "கீழ எறங்க விடமாட்டேன். வர்றது எதுவா இருந்தாலும் மொதல்ல என் மீசையைத் தாண்டணும்."

கிளைக் கிடங்கின் பொறுப்பில் என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கடிதம்?"

"இல்லைங்க."

"கடிதம் இல்லாம ஒரு கல்லைக்கூடத் தர முடியாதே. அப்படி என்ன அவசரம்?"

வழியெல்லாம் நூறு காரணம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "தப்பா எழுதிட்டேங்க," என்றேன். "அது இரை இல்ல, குட்டி. தாய்கிட்ட சேர்க்கணும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைக் கண்டாளோ. எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பேரேட்டில் நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"கேட்டா நான் பாத்துக்கறேன். பஸ்ல மடியிலயே வெச்சுக்கோங்க, மேல தட்டுல போட்டுடாதீங்க."

மடியிலேயே வைத்துக்கொண்டேன். பாதி வழியில் பக்கத்து இருக்கை அம்மாள் மூக்கைச் சுளித்தாள். "எங்கயோ ஆத்துச் சேறு நாத்தம் வருதில்ல?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே காய்ந்த வயல்கள்தான் இருந்தன. நான் பெட்டியை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன்.

மாலை ஐந்து மணிக்கு இருபத்திரண்டு படிகளையும் இறங்கினேன். பட்டாணி மேலே ஸ்டூலுக்கருகே பத்திரமாக இருந்தது. கதவை மூடினேன். பெட்டியைப் பிரித்தேன். படங்களைப் பக்கத்தில் வைத்து, பசை தடவி, முதுகு மேலே, கால்கள் கீழே, இருந்தபடியே தாடைகளுக்கு நடுவே வைத்து, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன்.

பத்து நிமிடம். கையை எடுக்கக் கூடாது.

விளக்கு மங்கியது.

வாடை வந்தது.

நகச் சத்தம் என் பின்னால் தொடங்கியது. நான்கு அடி. இந்த முறை நிறுத்தமில்லை. நேராக வந்தது.

முதுகுக்குப் பின்னால் நின்றது.

மூச்சு என் பின்கழுத்தில் பட்டது. ஈரமாக, குளிர்ந்து. தலையைத் திருப்பினால் கை நடுங்கும், கை நடுங்கினால் குட்டி கோணலாக ஒட்டிக்கொள்ளும். திருப்பவில்லை. என் வலது தோளில் ஒரு கனம் இறங்கியது. தாடையின் கனம். கன்னத்துக்கு அருகே, கண்ணின் ஓரத்தில், நீளமாக ஏதோ ஒன்று வெளிறித் தெரிந்தது. அதிலிருந்து சேற்று நீர் என் கைமேல் சொட்டியது.

"நான்தான் தப்பா எழுதினேன்," என்று கிசுகிசுத்தேன். "நீ தின்னல. தூக்கிட்டு ஓடின. எனக்குத் தெரியும்."

மூச்சு நின்றது.

"என்னை மன்னிச்சிடு தாயே."

அந்த விலங்கு எப்படிக் குரல் கொடுத்திருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்டவர் யாருமில்லை. நான் கேட்டேன். அது உறுமல் இல்லை. மருத்துவமனை நடைபாதையில் அன்று என் வாயிலிருந்து வந்ததே, அதேதான். அடித்தொண்டையில் தொடங்கி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிற சத்தம். என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு அது அழுதது. கையை எடுக்காமல் நானும் அழுதேன். அந்த முப்பத்தெட்டு நாளிலும் வராத அழுகை.

பசை இறுகியது. விரல்களுக்கு நடுவிலிருந்து, கல்லுக்குள்ளிருந்து, ஒரு கீச்சுக் குரல் கேட்டது. மிகச் சின்னது.

தோளில் கனம் இல்லை.

பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, தாயும் பிள்ளையும் என்று எழுதி வைத்தேன்.

அன்று வீட்டில் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற கணவரிடம் திரும்பாமலே சொன்னேன். "ஃபோன் அடிச்சப்ப ஒரு பல்லை ஒட்டிப் பிடிச்சுட்டு இருந்தேன். கையை எடுத்திருக்கலாம். எடுக்கல."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"தெரியும்," என்றார் அவர். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில உன் கையை நான்தான் கழுவி விட்டேன். பசை காஞ்சு விரலெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு." குழாயை மூடிவிட்டு, "நீயா சொல்லுவன்னு இருந்தேன். நானாவது மொதல்ல சொல்லியிருக்கலாம்," என்றார். என் கையிலிருந்த தட்டை வாங்கித் துடைக்கத் தொடங்கினார். ஒரே தட்டை வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் காலை நான்தான் முதலில் கீழே இறங்கினேன். வாடை இல்லை. இரவில் அலமாரியின் மேல்தட்டிலிருந்த பிளாஸ்டர் மூட்டை கிழிந்து கொட்டி, தரை முழுக்க மாவு தூவியது போல் வெள்ளையாக இருந்தது. கதவில் என் பூட்டு அப்படியே இருந்தது.

வெள்ளையில் தடங்கள் இருந்தன.

பெரிய பாதங்கள், ஐந்து நகங்களோடு, அவசரமில்லாமல் அறையைச் சுற்றி வந்திருந்தன. அவற்றின் உள்பக்கமாக, ஒட்டி உரசியபடி, காசளவு குட்டிப் பாதங்கள். நான் முழங்காலிட்டு அவற்றைத் தொடர்ந்து போனேன்.

சுவரோரத்தில் மூன்றாவது ஒரு தடம் சேர்ந்துகொண்டது.

செருப்பில்லாத மனிதக் கால். சின்னது. பட்டாணியின் காலைவிடப் பெரியது. பெரிய பாதங்களின் மறுபக்கமாக, பிடித்துக்கொண்டு நடப்பது போல் நெருங்கி, சில இடங்களில் துள்ளி, என் நாற்காலிவரை வந்திருந்தது. அங்கே மேசையின் விளிம்பில் இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்றிருந்தன. குதிகால் பதியவில்லை. மேசைமேல் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பிள்ளைபோல் விரல்கள் மட்டும் ஆழமாக அழுந்தியிருந்தன.

வலது காலில் ஐந்து விரல்கள். இடது காலில் நான்கு.

என் மகளுக்கு இடது காலின் சுண்டுவிரல் பிறந்ததிலிருந்தே சற்றுத் தூக்கினாற்போல் இருக்கும். தரையில் படாது.